பழைய கணினியின் வன்தட்டு பழுதடையும்போது: தரவுகளை மீட்கும் முறை

ரோவிலிலும் அதனைச் சூழ்ந்த புறநகர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வீடுகளில், படிப்பறை மேசையின் கீழோ அலுமாரியின் மேல்தட்டிலோ, பழைய கணினி ஒன்று இன்னும் இருக்கிறது. அன்றாட வேலைகள் கைப்பேசிக்கும் புதிய மடிக்கணினிக்கும் மாறிவிட்டன. ஆயினும் பழையதை எறிய எவருக்கும் மனம் வருவதில்லை. அதற்குக் காரணம் கணினியின் பெறுமதி அன்று. அதனுள் இருப்பவற்றின் பெறுமதி. ஊரிலிருந்து வந்த கடிதங்களின் படிகள், காணி உறுதியின் பிரதி, பெற்றோரின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், மகளின் அரங்கேற்றக் காணொளி, பாட்டனாரின் முப்பத்தோராம் நாளன்று வெளியிட்ட நினைவு மலரின் மூலக்கோப்பு, பேசின் வக்ரதுண்ட விநாயகர் ஆலயத் திருவிழாக்களில் எடுத்த படங்கள் ஆகிய யாவும் ஒரே ஒரு வன்தட்டில், அதாவது ஹார்ட் டிஸ்க்கில், உறங்கிக் கிடக்கின்றன.

இலங்கையிலிருந்து வந்தோருக்கு இதன் பொருள் இன்னும் ஆழமானது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. பின்வந்த போர் ஆண்டுகளில் வீடுகளோடு வீட்டு ஆவணங்களும் போயின. மூலம் அழிந்துவிட்ட நிலையில், எப்போதோ ஒருவர் வருடி எடுத்து இங்கு அனுப்பிய பிரதியே எஞ்சிய ஒரே சான்றாக இருப்பதுண்டு. அத்தகைய பிரதி தங்கியிருக்கும் வன்தட்டு தடுமாறத் தொடங்கும்போது என்ன செய்யலாம் என்பதையும், அதனினும் முக்கியமாக என்ன செய்யலாகாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தட்டினுள் நடப்பது

வன்தட்டின் உள்ளே அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் பூசப்பட்ட மெல்லிய காந்தப் படலத்தில் தரவுகள் பதிவாகியுள்ளன. வாசிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் காற்றின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மனிதத் தலைமயிரின் தடிப்பு பல பத்தாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்தால், ஒரு தூசித் துகள் அங்கே எத்தகைய பாறை என்பது விளங்கும். வன்தட்டின் மூடியை வீட்டில் திறந்து பார்ப்பது ஏன் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பழுது இரு வகைப்படும். முதல் வகையில் தட்டும் முனையும் நலமாகவே இருக்கும். கோப்புகள் எங்கே உள்ளன என்பதைச் சொல்லும் அட்டவணை மட்டும் சிதைந்திருக்கும். தவறுதலாக அழித்துவிட்ட கோப்புகளும் இவ்வகையிலேயே அடங்கும். நூலகத்தில் நூல்கள் அலுமாரியில் இருக்க, பட்டியல் மட்டும் தொலைந்துபோனதற்கு இது ஒப்பாகும். இரண்டாவது வகையில் பொருளே பழுதாகிறது: காந்தப் படலம் ஆங்காங்கே வாசிக்க இயலாததாகிறது, அல்லது முனை சேதமடைகிறது, அல்லது சுழற்றும் மோட்டார் இறுகிவிடுகிறது. முதல் வகைக்கு உதவும் செயல் இரண்டாவது வகையில் கேடு விளைவிக்கக்கூடும். ஆதலால் எது எவ்வகை என்று அறிவதே முதல் வேலை.

காதே இதற்கு நல்ல கருவி. கணினியை இயக்கியதும் பல்லி சொல்வதுபோலச் சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்ற ஒலி எழுந்தால், முனை தன் இடத்தைக் கண்டறிய இயலாமல் மீண்டும் மீண்டும் முயல்கிறது என்று பொருள். பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பவர்கள் பல பலன்களைக் கூறுவர். இவ்வொலிக்குப் பெரும்பாலும் ஒரே பலன்தான். உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். உராயும் ஒலி கேட்டாலும் அவ்வாறே. இந்நிலையில் ஒவ்வொரு முறை இயக்குவதும் தட்டின் மேற்பரப்பைச் சுரண்டக்கூடும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த தரவை எந்த ஆய்வகமும் திரும்பத் தர இயலாது.

ஒலி ஏதுமின்றி, கணினி நாளுக்கு நாள் மெதுவாகிறது. ஒரு கோப்புறையைத் திறக்கும்போது நீண்ட நேரம் உறைந்து நிற்கிறது. சில படங்கள் பாதியில் சாம்பல் நிறமாகத் தோன்றுகின்றன. படியெடுக்கும்போது 'வாசிக்க இயலவில்லை' என்ற செய்தி வருகிறது என்றால், தட்டின் சில பகுதிகள் மட்டும் கெட்டுவருகின்றன எனக் கொள்ளலாம். வீட்டில் செய்யக்கூடிய மீட்புக்கு இடமுள்ள நிலை இதுவே.

வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே பதிவு செய்துகொள்கின்றன. 'ஸ்மார்ட்' எனப்படும் அப்பதிவைக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் காட்டும். கெட்டுப்போனதால் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை, வாசிக்க இயலாமல் நிலுவையிலுள்ள பகுதிகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் பார்த்தால் போதும். அவை சுழியமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் வன்தட்டு நம்பத்தக்கதன்று. ஆனால் அவை சுழியமாக இருப்பது நலத்துக்கு உறுதியாகாது. கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட அறிக்கையில், பழுதடைந்தவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை இத்தகைய முன்னறிகுறி எதையும் காட்டவில்லை என்று கண்டனர். 'பச்சை நிறத்தில் நலம் என்று காட்டியதே' என்பது பின்னர் பயன்படாத ஆறுதல்.

முதல் ஒரு மணி நேரம்

பழுதின் அறிகுறி தெரிந்ததும் பெரும்பாலோர் செய்வது கணினியை அணைத்து மீண்டும் இயக்குவது. பின்னர் வைரஸ் சோதனை நடத்துவது. பின்னர் வின்டோஸ் தானே பரிந்துரைக்கும் வட்டுச் சோதனைக்கு ஒப்புதல் அளிப்பது. இம்மூன்றும் தவறான வரிசை. இயங்கும் ஒவ்வொரு நிமிடமும் வின்டோஸ் வன்தட்டில் ஏதேனும் எழுதிக்கொண்டே இருக்கிறது. வைரஸ் சோதனை தட்டின் ஒவ்வொரு மூலையையும் வாசிக்க வைத்து நலிந்த முனையைக் களைப்படையச் செய்கிறது. வட்டுச் சோதனையோ அட்டவணையைச் 'சரிசெய்ய' முயன்று, தனக்குப் புரியாத பதிவுகளை நீக்கிவிடக்கூடும். நலமான வன்தட்டுக்கு அது மருந்து. நலிந்ததற்கு அது நஞ்சு. பழைய வின்டோஸ் கணினிகள் தொடக்கத்திலேயே இச்சோதனையை ஆரம்பிக்க முற்படும்போது, திரையில் காட்டும் சில விநாடிகளுக்குள் ஏதேனும் ஒரு விசையை அழுத்தி அதனைத் தவிர்க்கலாம்.

உறைபெட்டியில் வன்தட்டை வைத்தெடுத்தால் உயிர்பெறும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் ஈரம் தட்டுகளின் மேல் படியும். மேலே கூறிய சில நானோமீட்டர் இடைவெளியில் ஒரு நீர்த்துளி என்ன செய்யும் என்பது வெளிப்படை. தட்டிப் பார்ப்பதும் குலுக்கிப் பார்ப்பதும் அவ்வகையினவே.

கணினி இன்னும் இயங்கிக்கொண்டிருந்தால், அந்த நேரத்தைப் பெறுமதி மிக்க சிறு கோப்புகளுக்குச் செலவிட வேண்டும். ஒரு யூஎஸ்பி நினைவகத்தைச் செருகி, மீண்டும் பெறவே முடியாதவற்றை முதலில் படியெடுக்க வேண்டும். இங்கே பலர் தடுமாறுகின்றனர். அரங்கேற்றக் காணொளி நாற்பது கிகாபைட் இருக்கக்கூடும்; உறுதியின் பிரதி ஒரு மெகாபைட்டும் இராது. காணொளியின் மற்றொரு பிரதி படப்பிடிப்பாளரிடமோ உறவினரிடமோ இருக்கலாம்; உறுதியின் பிரதி அவ்வாறு இருப்பது அரிது. சிறியதும் ஒன்றேயானதும் முதலில். பெரியதும் பலவிடத்தில் உள்ளதும் பின்னர். திரைப்படங்களும் பாடல்களும் கடைசியில். ஒரு கோப்பு உறைந்து நின்றால் அதனோடு போராடாமல் கைவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

முழுத் தட்டையும் படியெடுத்தல்

அவசரமானவை வெளியே வந்தபின் கணினியை அணைத்து, வன்தட்டைக் கழற்றி, நலமான வேறொரு கணினியுடன் இணைப்பதே சிறந்த வழி. பழைய கணினிகளில் இணைப்பு இரு வகையாக இருக்கும். ஏறத்தாழ 2003ஆம் ஆண்டுக்கு முற்பட்டவற்றில் அகன்ற நாடா போன்ற வடமும் 40 ஊசிகளும் கொண்ட ஐடிஇ இணைப்பு உண்டு. அக்காலத்து மடிக்கணினிகளில் சிறிய வடிவிலான 44 ஊசிகள். பின்வந்தவற்றில் 'எல்' வடிவத் துளையுடைய சாட்டா இணைப்பு. இவ்விரண்டையும் யூஎஸ்பியாக மாற்றும் இணைப்பிகள் மின்னணுப் பொருள் கடைகளில் கிடைக்கின்றன; வாங்குமுன் தம் வன்தட்டின் வகையைப் படம் எடுத்துச் சென்று காட்டுவது நன்று. மேசைக் கணினியின் பெரிய வன்தட்டுக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். யூஎஸ்பி துளை அதனைத் தராது. தனி மின்வழங்கியுடன் வரும் இணைப்பியையே வாங்க வேண்டும். மின்சாரம் போதாமல் சுழல மறுக்கும் வன்தட்டை இறந்துவிட்டதாக எண்ணி எறிந்தவர்களும் உண்டு.

இணைத்ததும் வின்டோஸ், 'இவ்வட்டைப் பயன்படுத்துமுன் வடிவமைக்க வேண்டும், வடிவமைக்கலாமா?' என்று கேட்கக்கூடும். இக்கேள்வி மிக மரியாதையாகத் தோன்றினும், 'ஆம்' என்ற ஒரு சொடுக்கு அட்டவணையை வெறுமையாக்கிவிடும். 'இல்லை' என்பதே விடை.

நலிந்த வன்தட்டிலிருந்து கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் படியெடுப்பதைவிட, முழுத் தட்டையும் தொடக்கம் முதல் இறுதி வரை அப்படியே மற்றொரு தட்டுக்கு நகலெடுத்துவிட்டு, பின்னர் நகலின்மீது வேலை செய்வதே துறைசார்ந்தோர் பின்பற்றும் முறை. மூலத்தை ஒரு முறை மட்டும் தொட வேண்டும் என்பது அதன் அடிப்படை. இதற்கெனவே எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள் குனூ டிடிரெஸ்க்யூ. அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதிய அது, லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குகிறது. லினக்ஸை நிறுவத் தேவையில்லை. சிஸ்டம்ரெஸ்க்யூ போன்ற தொகுப்பை ஒரு யூஎஸ்பியில் ஏற்றி அதிலிருந்தே கணினியைத் தொடக்கலாம்.

அதன் நுட்பம் எளிமையானது, ஆனால் அறிவார்ந்தது. சாதாரணப் படியெடுப்பு, கெட்ட இடம் வந்ததும் அங்கேயே நின்று பல்லைக் கடித்துக்கொண்டு முயலும். டிடிரெஸ்க்யூ அவ்விடத்தைக் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிச் செல்லும். எளிதில் வாசிக்கக்கூடியவற்றை எல்லாம் முதற்சுற்றில் எடுத்துவிடும். பின்னர்தான் கடினமான இடங்களுக்குத் திரும்பி, அவற்றைச் சிறு துண்டுகளாகப் பிரித்து முயலும். தேர்வு மண்டபத்தில் தெரிந்த வினாக்களை முதலில் எழுதும் மாணவனின் உத்தி அது. எது எடுக்கப்பட்டது, எது எஞ்சியது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதி வைப்பதால், இடையில் நிறுத்தி, தட்டு ஆறிய பின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அவ்வரைபடக் கோப்பைக் குறிப்பிட மறந்தால் இந்த வசதி முழுவதும் போய்விடும்.

மூன்று செய்திகளை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நகலை ஏற்கும் தட்டு, மூலத்தின் முழுக் கொள்ளளவை விடச் சற்றேனும் பெரியதாக இருக்க வேண்டும்; மூலத்தில் பாதியே நிரம்பியிருந்தாலும் சரியே. அடுத்து, கட்டளையில் முதலில் வருவது மூலம், அடுத்து வருவது இலக்கு. இவை இடம் மாறினால் வெற்றுத் தட்டு குடும்பப் படங்களின் மேல் நகலெடுக்கப்படும். அதிலிருந்து மீட்சி இல்லை. இரு தட்டுகளின் தயாரிப்பாளர் பெயரையும் கொள்ளளவையும் தாளில் எழுதிவைத்துத் திரையுடன் ஒப்பிட்ட பின்னரே தொடங்க வேண்டும். வீட்டில் கணினித் துறையில் படிக்கும் பிள்ளை இருந்தாலும் இந்த ஒப்பீட்டை இருவர் சேர்ந்து செய்வது நல்லது. மூன்றாவது, பொறுமை. நலமான 500 கிகாபைட் தட்டு பழைய யூஎஸ்பி 2 வழியே முழுவதும் படியாக ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். நலிந்த தட்டு நாட்கணக்கில் எடுக்கலாம். அதன் வேகம் குறைவதைக் கண்டு வடத்தைப் பிடுங்கக் கூடாது. இடையில் 'டிக்' ஒலி தொடங்கினால் மட்டும் நிறுத்தியே ஆக வேண்டும்.

நகல் கையில் வந்தபின் அச்சம் நீங்கிவிடும். நகலில் என்ன தவறு நேர்ந்தாலும் மூலம் இருக்கிறது. அட்டவணை சிதைந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் அதனை மீட்டெழுத முயலும். அதுவும் பலிக்காதபோது, அதே ஆசிரியரான கிறிஸ்தோஃப் கிரனியே எழுதிய ஃபோட்டோரெக் அட்டவணையைப் பாராமலே, ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் அடையாளத்தைத் தேடி, படங்களையும் ஆவணங்களையும் பொறுக்கி எடுக்கும். ஆயின் கோப்பின் பெயரும் கோப்புறையின் பெயரும் அட்டவணையில் இருந்தவை, அவை திரும்புவதில்லை. 'அப்பா 1994 நல்லூர்' என்று பெயரிட்ட படம் வெறும் எண்ணாக வந்து சேரும். எண்ணிமக் கருவியில் எடுத்த படமானால், எடுத்த நாள் படத்தினுள்ளேயே பதிவாகியிருக்கும். அதைக் கொண்டு வரிசைப்படுத்தலாம். வருடி எடுத்த பழைய படங்களுக்கு அதுவும் இல்லை. யார், எங்கே, எப்போது என்று சொல்லக்கூடிய முதியவர் வீட்டில் இருக்கும்போதே அமர்ந்து பெயரிட வேண்டிய வேலை அது.

தமிழ்க் கோப்புகளுக்கு உரிய சிக்கல்

ஆங்கில வழிகாட்டிகளில் காணக் கிடைக்காத ஒரு செய்தி தமிழ் வாசகர்க்கு மிகவும் வேண்டியதாகும். மீட்டெடுத்த ஆவணத்தைத் திறந்ததும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நிறைந்திருப்பதைக் கண்டு, கோப்பு சிதைந்துவிட்டது என்று பலர் அதனை அழித்துவிடுகின்றனர். பெரும்பாலும் அது சிதையவில்லை. அது பாமினியில் இருக்கிறது.

ஒருங்குறி எனப்படும் யூனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடம் அளித்தது. வின்டோஸ் 2000 வெளிவந்தபோது 'லதா' எழுத்துருவோடு தமிழ் ஒருங்குறி ஆதரவும் வந்தது. ஆனால் மக்கள் பழக்கம் உடனே மாறவில்லை. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பத்திரிகைகள், திருமண அழைப்பிதழ்கள், நினைவு மலர்கள் ஆகியன நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சாயின. அதில் கணினி சேமித்தது ஆங்கில எழுத்துகளை. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் அளித்தது. எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரும். தமிழ்நாட்டிலிருந்து வந்தோரின் கோப்புகள் டாம், டாப், டிஸ்கி போன்ற வேறு குறியாக்கங்களில் இருக்கக்கூடும். அவை வேறு விதமான குறிகளாகத் தோன்றும்.

இதிலிருந்து இரு நடைமுறைகள் பிறக்கின்றன. பழைய வன்தட்டிலிருந்து படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தக் கூடாது. வின்டோஸ் கோப்புறையினுள் உள்ள எழுத்துருக் கோப்புறையையும் முழுமையாகப் படியெடுக்க வேண்டும். பலருடைய கணினியில் ஊரிலிருந்து நண்பர் தந்த, பெயர் மறந்துபோன எழுத்துரு ஒன்று இருக்கும். அதைப் புதிதாகத் தேடிப் பெறுவது எளிதன்று. அடுத்து, புதிய கணினியில் அந்த எழுத்துருவை நிறுவி ஆவணம் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்த பின், ஒருங்குறி மாற்றியின் வழியே மாற்றி, மூலத்தையும் மாற்றியதையும் சேர்த்தே வைக்க வேண்டும். ஆங்கிலச் சொற்கள் கலந்த பக்கங்களை மாற்றி தானே வேறுபடுத்தி அறியாது. அவற்றையும் தமிழாக்கிக் குழப்பும். ஆதலால் மாற்றியதை ஒரு முறை வாசித்துத் திருத்துவது இன்றியமையாதது. தேடலும் இவ்வாறே: பழைய தட்டில் பாட்டியின் பெயரைத் தமிழில் தேடினால் பாமினிக் கோப்புகள் அகப்பட மாட்டா. அப்பெயரைப் பாமினியில் தட்டச்சு செய்தால் வரும் ஆங்கில எழுத்துகளைக் கொண்டே தேட வேண்டும்.

மீட்டெடுத்தவற்றுள் ஊர் வரலாறு, பள்ளி மலர், கோயில் மலர், நினைவு மலர் போன்றவை இருந்தால், அவை ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியவை அல்ல. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களோடும் இதழ்களோடும் நினைவு மலர்களையும் தொகுத்து வருகிறது. உரியவர் இசைந்தால் ஒரு பிரதி அங்கும் சேரலாம்.

ஆய்வகத்தை நாடும்போது

ஒலியெழுப்பும் வன்தட்டும், நீரில் நனைந்ததும், சுழலாததும் வீட்டு வேலைக்கு உரியன அல்ல. தூசியற்ற அறையும் மாற்று உறுப்புகளும் உடைய தரவு மீட்பு ஆய்வகங்களே அவற்றைத் திறக்கத் தக்கவை. கட்டணம் சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரங்களையும் எட்டும். அச்செலவு தகுமா என்பது உள்ளே இருப்பதைப் பொறுத்தது. அதைக் குடும்பமே முடிவு செய்ய வேண்டும். முன்னதாக வீட்டில் எவ்வளவு முயன்றார்களோ அவ்வளவுக்கு ஆய்வகத்தின் வாய்ப்பும் குறையும்.

வாய்ப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குக் கொலம்பியா விண்ணோடம் ஒரு சான்று. 2003ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் நாள், கல்பனா சாவ்லா உட்பட எழுவருடன் பூமிக்குத் திரும்பிய அவ்விண்ணோடம் டெக்சாஸ் வானில் சிதறியது. செனான் வாயுவின் பாகுத்தன்மையை ஆராய்ந்த சோதனையின் தரவுகள் இருந்த ஒரு வன்தட்டு, பல மாதங்களுக்குப் பின் வறண்ட ஏரிப் படுகையில், உருகிய உலோகத் துண்டாகக் கிடைத்தது. ஆய்வக வல்லுநர்கள் அதன் தட்டுகளைத் துப்புரவு செய்து புதிய இயக்கியில் பொருத்தி, ஏறத்தாழ 99 விழுக்காட்டுத் தரவை மீட்டனர். சோதனை முடிவுகள் 2008இல் வெளியாயின. அக்கணினி பழைய டாஸ் இயங்குதளத்தில் இயங்கியதால் தரவுகள் தட்டெங்கும் சிதறாமல் ஓரிடத்தில் சேர்ந்திருந்தமையும் உதவியது. ஆயின் அவ்விண்ணோடத்திலிருந்த வேறு வன்தட்டுகளிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடையிலோ ஆய்வகத்திலோ ஒப்படைக்குமுன் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் தரும் பாதுகாப்பை அறிந்திருப்பது பயன் தரும். பயனாளரின் தரவு சேமிக்கப்படும் பொருளைப் பழுதுபார்க்க ஏற்பவர், தரவு இழக்கப்படக்கூடும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். 'கணினியைச் சரிசெய்யுங்கள்' என்று மட்டும் சொன்னால், வன்தட்டை வடிவமைத்து வின்டோஸை மீண்டும் நிறுவித் தருவதும் அவ்வேலையை முடித்ததாகவே கருதப்படலாம். 'கணினி வேண்டாம், கோப்புகளே வேண்டும். தட்டில் எதையும் எழுதக் கூடாது' என்று எழுத்தில் கேட்க வேண்டும். மீட்பு பலிக்காவிட்டால் கட்டணம் உண்டா, சோதனைக்குத் தனிக் கட்டணமா, தட்டு திருப்பித் தரப்படுமா என்பனவும் முன்னரே கேட்க வேண்டியவை. கடவுச்சீட்டு, வரி எண், வங்கி விவரம் ஆகியன அத்தட்டில் இருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

'உங்கள் கணினியில் பழுது தெரிகிறது' என்று தாமாகவே தொலைபேசியில் அழைப்போர் மோசடிக்காரர்களே. அவர்கள் சொல்லும் மென்பொருளை நிறுவாமல் இணைப்பைத் துண்டித்துவிடலாம். அவர்களிடம் மரியாதை பார்க்க வேண்டியதில்லை.

மீட்ட பின்

மீட்டவற்றை மற்றொரு பழைய தட்டில் இட்டு ஓய்வது, ஓட்டைப் படகிலிருந்து ஓட்டைப் படகுக்கு மாறுவதாகும். இரண்டு வெவ்வேறு தட்டுகளிலும், வீட்டுக்கு வெளியே ஓரிடத்திலும் என மூன்று பிரதிகள் இருப்பது நன்று. அந்த வெளியிடம் மேகச் சேமிப்பாகவோ, டண்டினோங்கிலோ டொரன்டோவிலோ வாழும் உடன்பிறப்பின் வீடாகவோ இருக்கலாம். கழற்றிவைத்த தட்டை ஆண்டுக்கு ஒரு முறையேனும், தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவு செய்யும்போதாவது, இணைத்துத் திறந்து பார்க்க வேண்டும். புதிய கணினிகளில் சுழலும் தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி இருக்கிறது. அது ஒலியெழுப்பாது, முன்னறிவிப்பின்றி ஒரே நாளில் நிற்கக்கூடும், அழித்த கோப்பின் இடத்தை விரைவில் தானே துடைத்தும் விடும். இக்கட்டுரையில் கூறிய மீட்பு வழிகளுட் பல அதற்குப் பொருந்தா.

கணினிப் பயிற்சி குறைந்த முதியோர், ஸ்டட் பார்க் வணிக வளாகத்திலுள்ள ரோவில் நூலகத்தின் பணியாளர்களிடமும், ரோவில் அயலகக் கற்றல் நிலையத்திலும் வகுப்புகள் பற்றி விசாரிக்கலாம். அங்குள்ளோர் பழுதுபார்ப்போர் அல்லர்; எனினும் படியெடுக்கவும் கோப்புகளை ஒழுங்குபடுத்தவும் கற்றுக்கொள்ள வழி காட்டுவர். ஐம்பது வயதைக் கடந்தோர்க்கென மத்திய அரசு நடத்தும் 'பீ கனெக்டட்' திட்டமும் உண்டு. ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, அவர் வழியாக மாநகர சபையுடன் பேசலாம்.

பழைய தட்டை உடனே எறிய வேண்டாம். மீட்டவற்றைத் திறந்து பார்த்து, விடுபட்டவை எவை என்று உறவினரிடம் கேட்டு உறுதி செய்யும் வரை சில மாதங்கள் அது அலுமாரியில் இருக்கட்டும். வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் ஒருவர், பிட்காயின் திறவுகோல் இருந்த வன்தட்டு 2013இல் குப்பையோடு போய்விட்டதை அறிந்து, குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு நகரசபைமீதே வழக்குத் தொடுத்தார். 2025 ஜனவரியில் அவ்வழக்கு தள்ளுபடியானது.

விக்டோரியாவில் 2019ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் முதல் மின்கழிவு எதனையும் வீட்டுக் குப்பைத்தொட்டியில் இடலாகாது. கணினியும் வன்தட்டும் அதில் அடங்கும். அவை மின்கழிவு ஏற்கும் நிலையங்களில் ஒப்படைக்கப்பட வேண்டும். ஒப்படைக்குமுன், கோப்புகளை அழித்தால் மட்டும் போதாது. அழித்தவையும் மீட்கத் தக்கவையே என்பதை மேலே கண்டோம். இயங்கும் தட்டானால் முழுவதையும் மேலெழுதும் மென்பொருளால் துடைக்கலாம். இயங்காததை உறுதியான துணியில் சுற்றி, துளைகருவியால் தட்டுகளின் ஊடே சில துளைகள் இடலாம். மடிக்கணினித் தட்டுகளுட் பல கண்ணாடியால் ஆனவை, நொறுங்கித் தெறிக்கும். ஆகவே கண்காப்பும் கையுறையும் அணிந்தே அதனைச் செய்ய வேண்டும்.